ஒரு டம்ளருக்கு ஒரு பாட்டம் மழை

தூத்துக்குடியில் ஊரே சேர்ந்து டீ குடிக்காமல் இருந்த அந்த நாட்களைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை சொல்லுவார்கள். துறைமுகத்துக்காரர்கள் அது ஒரு வேலைநிறுத்தம் என்பார்கள், கோயில்காரர்கள் தவக்காலம் தப்பிப்போய் புரட்டாசியில் வந்துவிட்டது என்பார்கள், கொஞ்சம் படித்தவர்கள் பால் தட்டுப்பாடு என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். ஆனால் அத்தனைக்கும் காரணம், சங்குக்குளி காலனி இரண்டாம் மாடியில், செலினா மோத்தா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஒரு புதன்கிழமை மத்தியானம், மீன்குழம்புச் சட்டியைக்கூடக் கழுவாமல் அவசர அவசரமாக எழுதிய ஒரு மந்திரம்.

செலினாவுக்கு மந்திரமும் தெரியாது, மாயத்தில் நம்பிக்கையும் கிடையாது. கான்வென்டில் படித்தவள். பின்னல் கோணினால் பிரித்துப் போட்டு மறுபடி பின்னு, எழுதினதை அடித்துத் திருத்தினால் மார்க் கிடையாது என்று மதர் கிளமென்ஷியா கற்றுக்கொடுத்ததை வைத்துக்கொண்டே புருஷன் தொம்மையையும், மகளையும், காலனிக்கு வருகிற தண்ணீர் லாரியையும் நடத்தி வந்தவள். அந்த மகள் கனடாவுக்குப் போகும்போது கட்டிலுக்கடியில் ஒரு பெட்டியை விட்டுப் போனாள். உள்ளே இருபது முகம் கொண்ட பகடைகள், சுண்டுவிரல் உயர வீரர்கள், ஒரு தடித்த விதிப்புத்தகம். பழைய பேப்பர்காரனிடம் போடுவதற்கு முன்னால் எதையும் படித்துப் பார்த்துவிடுகிற கெட்ட பழக்கம் செலினாவுக்கு உண்டு. படித்தாள், எழுதினவனுக்கு மூளை போதாது என்று முடிவு செய்தாள், பேனாவை எடுத்துச் சரி செய்யத் தொடங்கினாள், அப்படித்தான் ஆட்டம் ஆரம்பமாயிற்று.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷத்தை வாயாலேயே கட்டிக்கொண்டு, பகடையை உருட்டி, காட்டையும் கோட்டையையும் பேச்சாலேயே கடந்து போகிற ஆட்டம் அது. கதையை நடத்துகிறவருக்கு மாஸ்டர் என்று பெயர். அந்த வேலையை செலினா யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டாள். எதிர்வீட்டு ஜுலைகா, காயல்பட்டினத்துக்காரி, திருடி வேஷம். அவசியமே இல்லாத இடத்திலும் ஏமாற்றுவாள். கீழ்வீட்டு சந்தனமாரி கோடரி தூக்கிய ராணி. வீட்டில் கொழுந்தன் முன்னால் குரலை உயர்த்தாதவள், புதன்கிழமை ரெண்டு மணிக்கு மேல் அரக்கன் தலைகளைக் கொத்துக் கொத்தாக வெட்டிச் சாய்ப்பாள்.

புத்தகத்தில் இருந்த மந்திரங்கள் மூன்று பேருக்கும் பிடிக்கவில்லை. நெருப்புருண்டை, மின்னல் ஈட்டி, விஷப்புகை. "எந்தப் பொம்பளைக்கு வீட்டுல நெருப்புருண்டை வேணுங்கேன்? அடுப்பு பத்தாதா?" என்றாள் செலினா. ஆகவே தாங்களே மந்திரங்கள் செய்தார்கள், பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, வெறுமையாக இருந்த முதுகில் எழுதினார்கள். யார் எதைக் கொண்டுவந்தாலும் செலினா இரண்டே கேள்விதான் கேட்பாள். விலை என்ன? ருசி என்ன? கொடுக்கிற பலனுக்கு ஏற்ற விலையைப் போடுகிறவள் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அது மந்திரம் இல்லை, லஞ்சம். அப்புறம் அதற்கென்று ஒரு வாசனையோ நிறமோ சத்தமோ இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது மந்திரம் இல்லை, மாத்திரை.

ஜுலைகாவின் 'ஆறாத டம்ளர்' இப்படித்தான் பிறந்தது. அவள் புருஷன் மொகுதூம் போனில் பேசிப் பேசியே காபியை ஆறவிட்டு, மறுபடி சுடவைக்கச் சொல்லுகிறவர்.

"போட்டவ பேசிக்கிட்டே இருக்குத வரைக்கும், அவ சத்தம் கேக்குற தூரத்துல உள்ள டம்ளர் எதுவும் ஆறாது செலினாக்கா. கொதிச்சுக்கிட்டே கெடக்கும்."

"விலை?"

"அதான் பேசிக்கிட்டே இருக்கணும்லா."

"அது உனக்கு விலையாட்டி? நீ மூச்சு விடுததே பேச்சுலதான. சொன்னதையே திரும்பச் சொல்லக் கூடாது. ஒரு வாக்கியம் ரெண்டாந்தரம் வந்துச்சுன்னா மந்திரம் போச்சு."

"அநியாயம்."

"நியாயம். ருசி?"

"ஏலக்காய் வாசம். அப்புறம் கொதிக்கும்போது கொலுசு மாதிரி சத்தம்."

செலினா யோசித்து, "சரி" என்று சொல்லிப் பகடையை உருட்டினாள். ஜுலைகா ஆட்டத்துக்குள் இருந்த ஒரு காவல்காரனின் கஞ்சியைக் குறிவைத்துப் பேச ஆரம்பித்தாள், மேசைமேல் அவளுக்கென்று வைத்திருந்த டீ கொலுசுச் சத்தத்தோடு தளதளவென்று கொதித்தது, வீடெல்லாம் ஏலக்காய் மணத்தது. செலினா எட்டிப் பார்த்துவிட்டு, "மேசையில வட்டம் விழும், அடியில பேப்பர வை" என்றாள். ஆட்டம் தொடர்ந்தது.

அதற்குப் பிறகு செலினா "சரி" என்று சொன்ன மந்திரமெல்லாம் பலித்தது, அவள் உதட்டைப் பிதுக்கினது எதுவும் பலிக்கவில்லை. ஏன் என்று காலனியில் யாரும் மெனக்கெட்டுக் கேட்கவில்லை, லிஃப்ட் ஏன் ஓடுகிறது என்று யார் கேட்டார்கள்? மேல்மாடி அம்மாள் கொசு வராமலிருக்க ஒரு மந்திரம் வாங்கிப் போனாள், அதற்கு விலையாக அவளே அடுத்தவர் காதில் போய் ரீங்கரிக்கக் கூடாது என்று செலினா விதித்தாள். கொசு கொஞ்சநாள் வராமல் இருந்தது, பிறகு வந்துவிட்டது. பங்குச் சாமியார் பிரசங்கத்தில் ஜனங்கள் தூங்காதிருக்க ஏதாவது உண்டா என்று கேட்டு வந்தார். "பிரசங்கத்தைப் பாதியாக் குறைக்கணும் ஃபாதர், அதான் விலை" என்றாள் செலினா. யோசித்துச் சொல்வதாகப் போனவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். ஓட்டு விழுவதற்கு மந்திரம் கேட்டு ஒரு வட்டச் செயலாளர் போன் பண்ணினார், விலை என்ன என்று செலினா கேட்டதும் லைன் கட்டாகிவிட்டது.

இங்கே செலினா சொந்தமாக வைத்த மூன்று விதிகளைச் சொல்லிவிட வேண்டும், ஊர் தலைவலி முழுவதும் இவற்றிலிருந்து வந்ததுதான். நிமிஷம் எண்ணுவதற்குப் பொறுமை இல்லாதவள் ஆகையால், மந்திரம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை மேசையில் இருக்கிற டீயால் அளந்தாள். டம்ளரில் டீ இருக்கிறவரை மந்திரம் தாங்கும், ஒவ்வொரு மடக்குக்கும் பிடி கொஞ்சம் தளரும். இரண்டாவது, தூக்க மந்திரம் விழும்போதெல்லாம் ஜுலைகா, "நான் முறுக்கு எடுக்க அடுக்களைக்குப் போயிருந்தேன், எனக்குப் படாது" என்று எழுந்து ஓடுவாள். அதனால், மந்திரத்தின் வட்டத்துக்குள் இருக்கிற எல்லோரும் மேசையில் இருப்பவர்களே என்று விதித்தாள். மூன்றாவது மதர் கிளமென்ஷியாவின் விதி: போட்ட மந்திரத்தை அடித்துத் திருத்தக் கூடாது.

அந்தப் புதன்கிழமை சந்தனமாரி ஆட்டத்துக்கு வரவில்லை, ஓடிவந்தாள்.

அவள் நிலைமை இது. புருஷன் மஸ்கட்டுக்குப் போனவன், திரும்பி வருகிற யோசனையை அங்கேயே எங்கோ தொலைத்துவிட்டான். குடும்பத்துக்கு ஊருக்கு வடக்கே ஒரு உப்பளம். அதை இனி யார் நடத்துவது என்று அவளுக்கும் கொழுந்தன் ஐகோர்ட்துரைக்கும் வழக்கு. மாமனார் கட்டிலில் படுத்தபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: இந்த வருஷம் மாரி பார்க்கட்டும், கடைசி அம்பாரம் வரைக்கும் உப்பை வாரிக் குவித்து மூடிக் காட்டினால் அளம் அவளுக்கு, கரையவிட்டால் துரைக்கு. மாசி தொடங்கி வெயிலில் நின்று கறுத்து, பாத்தி பாத்தியாக விளையவைத்து, பாதியை வாரிவிட்டாள். மீதிப் பாதி பாத்தியிலும் வரப்போரமுமாகக் கிடக்கிறது. வாரினதும் தார்ப்பாய் போடாமல் திறந்து கிடக்கிறது. மழை நாளைக் கணக்கு வைத்திருந்தாளே தவிர, அதற்கு முன்பே கிழக்கே கடலுக்குமேல் இவ்வளவு பெரிய மேகம் எருமைக் கூட்டம்போல எழுந்து வரும் என்று அவள் கண்டாளா? பெரிய அளத்துக்காரர்கள் ஆட்களையெல்லாம் வண்டியேற்றிக் கொண்டுபோய்விட்டார்கள்.

"மழைய நிப்பாட்டுக்கா" என்றாள்.

"நிப்பாட்ட முடியாது. வேணும்னா தாங்கிப் பிடிக்கலாம்" என்றாள் செலினா, ஏற்கெனவே ஒரு பத்திரிகையைக் கத்தரித்தபடி. "வட்டம் எவ்வளவு?"

"மேகம் எம்புட்டோ அம்புட்டும்."

"ஊரு பூரா வருமேட்டி. சரி. விலை?"

"மழை கீழ இறங்காம நிக்குத வரைக்கும் நானும் உக்காராம நிக்கேன்."

வேறு நாளாக இருந்தால் இதற்கு ஒரு மணி நேரம் வாதாடியிருப்பாள். அத்தனை பெரிய வானத்துக்கு ஒரு பொம்பளையின் கால்வலி பத்துமா? ஆனால் எதிரே நின்றது மாரி, அவள் கண்ணில் நின்றது தண்ணீர், பால்கனிக்கு வெளியே நின்றது மேகம். செலினா முதல்தடவையாகப் பேரம் பேசாமல் விட்டாள்.

"படுக்கலாம். உக்காரத்தான் கூடாது. ருசி?"

"எதையாவது போடுக்கா! இஞ்சி வாசம்!"

"சரி" என்று செலினா பகடையை உருட்டினாள். 'வானம் தாங்கி' என்ற அந்த மந்திரத்தில், நேரம் என்கிற இடத்தில், கை பழக்கத்தில், "டீ தீரும் வரை" என்று எழுதியிருந்தாள். மேசையில் அன்றைக்கு டீ போடவே இல்லை, போடாமலேயே இருந்துவிட்டால் தீராது, அவ்வளவுதானே என்று நினைத்துத் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சியும் கொண்டாள்.

மேகம் வந்தது, ஊருக்குமேல் வந்து, துவைத்துப் பிழியாத ஜமுக்காளத்தைக் கொடியில் போட்டதுபோல வயிறு தொங்கி நின்றது. இஞ்சி வாசம் தெருவெல்லாம் அடித்தது. ஊர் உண்ட மயக்கத்தில் கிடந்த நேரம் அது. மூன்று பேரும் சரக்கு ஆட்டோவில், மாரி நின்றபடியே, அளத்துக்குப் போய் இறங்கும் வரைக்கும் ஒரு சொட்டு விழவில்லை. அப்புறம் மணி மூன்றாயிற்று, சங்கரபாண்டி தன் கடையில் பாய்லரைத் திறந்தான், பழைய பஸ் ஸ்டாண்டிலும் மீன்பிடித் துறைமுகத்திலும் கோர்ட் வாசலிலும் முதல் டம்ளர்கள் உதட்டுக்குப் போயின, அளத்தின்மேல் மேகம் ஊறின பஞ்சுமாதிரி சிந்த ஆரம்பித்தது. விட்டு விட்டுப் பெய்தது, யாரோ மடக்கு மடக்காகக் குடிப்பதுபோலப் பெய்தது. மூலையில் இருந்த ஒரு சின்ன அம்பாரம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்து வரப்பில் ஓடியது.

செலினாவுக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. "வட்டத்துக்குள்ள இருக்கிறவன் எல்லாம் மேசையில இருக்கிறவன்" என்றாள் நெற்றியில் அறைந்துகொண்டு. "சேசுவே, தூத்துக்குடி மொத்தமும் எம் மேசையில உக்காந்து டீ குடிக்கி!"

"திருத்தி எழுதுங்க அக்கா" என்றாள் ஜுலைகா.

"போட்டதைத் திருத்தக் கூடாது."

"உங்க விதிதானே!"

"எம் விதிங்கிறதாலதான் திருத்தக் கூடாதுங்கேன்."

விலையைக் குறைத்துப் போட்டால் மீதி எங்கிருந்தாவது வசூலாகும். இந்த மீதி ஊர் தலையில் விழுந்தது. ஜுலைகா போனை எடுத்தாள், அவளுக்குத் தெரியாத ஆள் காயலுக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் யாரும் இல்லை. தொம்மை ஒரு ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டி, கல்யாணமான நாளிலிருந்து பேசாத அளவுக்கு அன்று ஒரே சாயங்காலத்தில் பேசினார்: "பொதுமக்களே, ஒரு டம்ளருக்கு ஒரு பாட்டம் மழை, ஒரு டம்ளருக்கு ஒரு பாட்டம் மழை, சந்தனமாரி உப்பு மூடுகிற வரைக்கும் யாரும் டீ குடிக்க வேண்டாம்!" மாதா கோயிலில் பூசைக்குப் பின்னும் பள்ளிவாசலில் தொழுகைக்குப் பின்னும் அறிவித்தார்கள். சிவன் கோயில் பிரசாதக் கடைக்காரர் ஒரு பலகையில் எழுதி மாட்டினார். ஊர் கேட்டுக்கொண்டது. உப்பைத் தின்று வளர்ந்த ஊரில் மழைக்கு எதிராக உப்புக்காரி ஒன்று கேட்டால் யார் முடியாது என்பார்கள்?

முடியாது என்று சொல்லவில்லை, ஆனால் சட்டம் பேசினார்கள். காபி குடிக்கலாமா? குடிக்கலாம். பூஸ்ட்? தாராளமாக. சுலைமானி? அது பால் இல்லாததால் டீ ஆகாது என்று ஜுலைகா தன் திருடி வேஷத்து வழக்கம் விடாமல் வாதாடினாள், ஒரு மடக்குக் குடித்துப் பார்க்கச் சொன்னார்கள், அளத்திலிருந்து போன் வந்தது, தூறுகிறதாம். கிரீன் டீக்கும் தூறியது. டீயில் நனைத்த பன்னுக்கும் லேசாகத் தூறியது. பிறந்ததிலிருந்து காபி மட்டுமே குடிக்கிற ஒரு ரிட்டயர்டு தாசில்தார், தெருத்தெருவாக நடந்து எல்லோருக்கும் அனுதாபம் சொன்னார், கடைசியில் யாரோ அவர் குடையைப் பிடுங்கி மரத்தில் மாட்டிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் ஊரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஆபீஸ்களில் கையெழுத்து கோணலாக விழுந்தது. கிரேன்காரர்கள் சரக்குப்பெட்டியை வைத்த இடத்திலேயே மறுபடி வைத்தார்கள். மருமகள்கள் மாமியார்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார்கள். இதில் கொடுமை, அந்த மேகம் வேறு நல்ல இஞ்சி டீயாக மணந்துகொண்டு தலைக்குமேலேயே தொங்கிற்று. மொட்டைமாடிக்குப் போனவர்கள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். சங்கரபாண்டி தன் கடை பெஞ்சில் தானே வாடிக்கையாளரைப்போல உட்கார்ந்து, சும்மா இருக்கிற கைகளால் வெறும் காற்றை ஆற்றிக்கொண்டிருந்தான்.

அவன்தான் முதலில் எழுந்தான். "அந்தம்மா உப்ப வாரி முடிச்சாத்தானே நமக்கு டீ? இங்க உக்காந்து என்னத்தப் புடுங்குதோம்?" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தான். அவன் பின்னால் பெஞ்சுக்காரர்கள், அவர்கள் பின்னால் கோர்ட் குமாஸ்தாக்கள், நர்ஸ்கள், பீடி சுற்றுகிற பெண்கள், பாங்க் மேனேஜர், மாதா சபைப் பெண்கள், வலைகாரர்கள் என்று தலைவலியும் கடுகடுப்புமாக ஊர் வடக்கே நடந்தது. உதவி செய்ய வந்த முகம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் டீக்காக வந்த முகம்தான். ஒருவரையொருவர் வைதுகொண்டே கூடை மாற்றினார்கள், வைதுகொண்டே வாரினார்கள். சந்தனமாரி, இரவெல்லாம் பலகைபோல விறைத்துப் படுத்து எழுந்தவள், வரப்பில் நின்று கையை நீட்டி, "மேடத்த அந்தப் பக்கம் போகச் சொல்லு, மேனேஜர் சார் கூடையைக் கவுக்காதீங்க, ஏல பாத்தியில மிதிக்காத!" என்று உத்தரவு போட்ட குரல், புதன்கிழமைக் குரல். கோடரி மட்டும்தான் கையில் இல்லை.

சாயங்காலத்துக்குள் கடைசிப் பாத்தியும் காலியாகி, உப்பெல்லாம் மேட்டில் வெள்ளை வெள்ளையாக எழுந்து நின்றது. மூட வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் ஐகோர்ட்துரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான், கையில் ஒரு பிளாஸ்க்.

அவன் பெண்டாட்டி டீத்தூள் டப்பாவை ஒளித்துவைத்துவிட்டாள், ஊரில் ஒரு கடையும் கொடுக்கவில்லை. மேகத்துக்கு வெளியே எட்டயபுரம் பக்கம் வரைக்கும் போய் வாங்கி வந்திருந்தான். வழியில் எங்காவது ஓரமாக நின்று குடித்திருக்கலாம், ஆனால் மதினி பார்க்காமல் குடித்தால் அவனுக்கு அது ருசிக்காது. மேட்டுக்கு எதிரே ஒரு உப்புச்சாக்கில் உட்கார்ந்து, டம்ளரைத் துடைத்து, ஆவி பறக்க ஊற்றினான்.

"எனக்கென்ன மதினி, தாகமா இருக்கு. மனுசன் டீ குடிக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

தொம்மை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முன்னால் போனார். சந்தனமாரி தடுத்தாள். "வேண்டாம்ணே. கையிலருந்து புடுங்குனா, மதினி ஆள் வச்சு அளத்த எடுத்துட்டாவன்னு மாமாகிட்ட போய்ச் சொல்லுவாவ. நியாயமாத்தான் ஜெயிக்கணும்."

ஒரு டம்ளருக்கு ஒரு பாட்டம். பிளாஸ்கில் நாலைந்து டம்ளராவது இருக்கும். தார்ப்பாய்கள் பாதி மேட்டைக்கூடத் தாண்டவில்லை.

"ஆறாத டம்ளர்" என்றாள் செலினா.

"நான் போடட்டாக்கா?" என்றாள் ஜுலைகா.

"உங்கிட்ட சரக்கு பத்தாது. தள்ளு." கைப்பையிலிருந்து பகடையை எடுத்துத் தார்ப்பாய்மேல் உருட்டி, துரைக்கு எதிரே போய் இடுப்பில் கைவைத்து நின்று, மூச்சை இழுத்து, ஆரம்பித்தாள்.

"ஏலே ஐகோர்ட்துரை, உங்க தாத்தா ஐகோர்ட்டுல கேஸ் ஜெயிச்சாருன்னு ஒனக்கு அந்தப் பேரு, நீ ஒரு ரேஷன் கடை வரிசையிலயாவது ஜெயிச்சிருக்கியாலே?" டம்ளர் கொலுசுச் சத்தத்தோடு கொதித்தது. துரை உதட்டருகே கொண்டுபோய் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். ஊதினான். டம்ளருக்கு டம்ளர் ஆற்றினான், ஆற்ற ஆற்றக் கொதித்தது. தண்ணீரை ஊற்றினான், தண்ணீரும் சேர்ந்து கொதித்தது. செலினா அவன் மீசையில் தொடங்கினாள், சட்டைக்கு இறங்கினாள், மோட்டார் சைக்கிள் புகைக்குப் போனாள், அவன் பள்ளிக்கூடத்தில் பெஞ்சுமேல் நின்ற வருஷங்களுக்குப் போனாள். மதர் கிளமென்ஷியாவின் இங்கிலீஷ் வசவுகளை ஒன்றுவிடாமல் எடுத்தாள். தமிழில் பெரியவர்கள் முன்னால் சொல்லக்கூடியதெல்லாம் தீர்ந்தது, சொல்லக்கூடாதவற்றில் சிலதும் தீர்ந்தது. பிறகு ஜெபமாலை ராகத்துக்கு மாறினாள். "உப்பைப் பார்த்துப் பொறாமைப்படும் ஊறுகாயே, அண்ணன் இல்லாத வீட்டில் ஆர்டர் போடும் அலாரமே, தண்ணீர் வராத தெருக்குழாயே" என்று ஒவ்வொன்றாக இழுக்க, கூடை தூக்கிக்கொண்டிருந்த மாதா சபைப் பெண்கள் பழக்க தோஷத்தில், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொன்னார்கள். கையில் கயிறோடு நின்ற ஆண்கள் சிரித்துச் சிரித்து முடிச்சைத் தவறவிட்டார்கள், சந்தனமாரி அதட்டி மறுபடி போடவைத்தாள். துரை எழுந்து போயிருக்கலாம். ஆனால் ஊர் முன்னால் எழுந்து போவது எப்படி? அதுவும் தவிர, அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று அவனுக்கே கேட்க வேண்டும்போல இருந்தது.

கடைசி அம்பாரத்துக்கு ஒரு ஓரம் மட்டும் பாக்கி இருக்கும்போது செலினாவிடம் வசவு தீர்ந்துபோனது. வாயைத் திறந்தாள், சொன்னதெல்லாம் நாக்கின் நுனியில் வரிசையாக வந்து நின்றது, ஒன்றையும் மறுபடி சொல்ல முடியாது. டம்ளரின் கொலுசுச் சத்தம் மெலிந்தது. துரை டம்ளரைத் தூக்கினான். ஒரு சொட்டு, பிறகு ஒரு சொட்டு, தார்ப்பாய்மேல் டப்பென்று விழுந்தது.

"அந்தா நிக்காளே மாரி" என்றாள் செலினா, குரல் கரகரத்து. டம்ளர் சிலிர்த்துக்கொண்டு கொதித்தது. "அவள நான் இதுவரைக்கும் ஒரு நல்ல வார்த்த சொன்னதில்ல. எங்க வீட்டு மணி அடிச்சா, அவளாத்தான் இருக்கணும்னு ஓடிப்போய்த் தொறக்கேன், தொறந்ததும் ஏன் லேட்டுன்னு கத்துதேன். புதன்கிழமை அவ வரலேன்னா எனக்கு வியாழக்கிழமை வரதே இல்ல. மக போன வீடு எம்புட்டுப் பெருசுன்னு நீ கண்டியாலே? அந்த மேசையில நாலு நாற்காலி, அவ உக்காந்தாத்தான் அது மேசை. இதெல்லாம் நான் சொல்லணும்னு இருந்தவளே இல்ல, நீ பிளாஸ்க எடுத்துக்கிட்டு வந்து சொல்ல வச்சிட்ட, நாசமாப் போறவனே, நல்லாயிரு..."

"முடிச்சாச்சுக்கா!" என்று மேட்டின் உச்சியிலிருந்து சந்தனமாரி கத்தினாள். கயிற்றின் கடைசி முடிச்சு அவள் கையில் இருந்தது. முகம் நனைந்திருந்தது, மழையால் இல்லை.

செலினா வாயை மூடினாள். டம்ளரின் கொதிப்பு அடங்கியது. வாய் உலர்ந்துபோயிருந்த ஐகோர்ட்துரை, தான் எதற்காக வந்தோம் என்பதையே மறந்து, ஆறின டீயை ஒரே மூச்சில் குடித்தான்.

முதல் பாட்டம் இறங்கியது. தார்ப்பாய்களின்மேல் செண்டைமேளம்போல அடித்து, வழுக்கி, வாய்க்காலில் ஓடிற்று, உள்ளே ஒரு பரல் நனையவில்லை. சங்கரபாண்டி எங்கே எப்போது பாய்லரை ஏற்றி வந்தான் என்று யாருக்கும் தெரியாது, கையில் கையில் டம்ளர்கள் வந்தன, ஊர் குடித்தது. குடிக்கக் குடிக்க மேகம் அவிழ்ந்து, இஞ்சி மணக்கிற மழை ஒவ்வொரு தெருவிலும் பெய்தது. சந்தனமாரி மேட்டிலிருந்து இறங்கி வந்து, செலினாவின் காலடியில், சேறு என்றும் பாராமல் சப்பென்று உட்கார்ந்தாள். அவளுக்கு இரண்டு டம்ளர் கொடுத்தார்கள்.

அடுத்த புதன்கிழமை செலினாவுக்குக் குரல் இல்லை, எல்லாம் செலவாகிவிட்டது. கையாலும் புருவத்தாலும் ஆட்டத்தை நடத்தினாள். ஜுலைகா அன்று எவ்வளவு ஏமாற்றினாள் என்பதைச் சொல்லி முடியாது. அளத்துச் சாவியை இடுப்பில் சொருகியிருந்த சந்தனமாரி ஒரு அரக்கனை வெட்டிக்கொண்டிருக்கும்போது, மணி அடித்தது. மக்ரூன் பொட்டலத்தோடு ஐகோர்ட்துரை நின்றான்.

"மதினி, எம் வீட்டுக்காரி அன்னையிலருந்து எங்கிட்டப் பேச மாட்டேங்கா. அதுக்கு ஒரு மந்திரம்..."

செலினா பேச வாயெடுத்தாள், காற்றுதான் வந்தது. சந்தனமாரி கோடரி ராணியாகவே நிமிர்ந்து உட்கார்ந்து, செலினா கேட்கிற அதே தோரணையில் கேட்டாள்.

"விலை என்ன கொழுந்தரே?"

துரை யோசித்தான். "ஒரு மாசம் டீய விட்டுருதேன்." செலினா தலையை ஆட்டினாள், பத்தாது. "சமையல் செய்யுதேன்." செலினா கண்ணை மூடிக்கொண்டாள், அது அவன் பெண்டாட்டிக்குத் தண்டனை. துரை மக்ரூன் பொட்டலத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தான்.

"அன்னைக்கு அக்கா என்னைச் சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம்" என்றான் மெதுவாக. "மீசையிலருந்து தெருக்குழாய் வரைக்கும். அவ முன்னால உக்காந்து, நானே என்னைய ஒண்ணுவிடாமச் சொல்லிக்கிடுதேன்."

ஜுலைகா மேசையைத் தட்டினாள். "ருசியும் இருக்கு செலினாக்கா!"

செலினாவுக்குச் சிரிப்பதற்கும் குரல் இல்லை, தோள் மட்டும் குலுங்கிற்று. காலாலேயே நான்காவது நாற்காலியை வெளியே தள்ளி, பகடையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.